கெசியா டீச்சரும் நான்கு தட்டு மௌனமும்

கருமத்தம்பட்டியில் யாருடைய குரல் மிகச் சிறியது என்று போட்டி வைத்தால் கெசியா டீச்சருக்குத்தான் முதல் பரிசு. பரிசை வாங்கிக்கொண்டு அவள் சொல்லும் நன்றி முன்வரிசைக்குக்கூடக் கேட்காது. அப்படிப்பட்டவளிடம்தான் ஊருக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளியின் பாட்டு வகுப்பை ஒப்படைத்திருந்தார்கள். வேறு ஆள் கிடைக்காதது ஒரு காரணம். நேர்முகத் தேர்வு அன்று பக்கத்துத் தறிக்கூடம் முழு மூச்சாக ஓடிக்கொண்டிருந்ததால் அவள் பாடியது யார் காதிலும் விழவில்லை என்பது இன்னொரு காரணம். உதடு அசைந்ததைப் பார்த்தார்கள், முகம் சாந்தமாக இருந்தது, சரி என்றார்கள்.

அவள் பிறந்து வளர்ந்தது கோவையில், ஒரு பழைய தேவாலயத்தின் பின்மதிலை ஒட்டிய வீட்டில். அப்பா தேவானந்தம் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆர்கன் வாசிப்பார், மற்ற நாட்களில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்ப்பார். பாடகர் குழுவில் கெசியாவுக்கு ஆல்டோ. மேல்குரலில் பாடும் பெண்களைச் சபை முழுக்க அறியும். ஆண்களின் அடிக்குரல் பெஞ்சையே அதிர வைக்கும். இரண்டுக்கும் நடுவே போகும் ஆல்டோவை ஒருவரும் கவனிப்பதில்லை. அது இல்லாத வாரம் மட்டும், ‘இன்னைக்குப் பாட்டுல என்னமோ கொறையுதே’ என்று வீட்டுக்குப் போகும் வழியில் யோசிப்பார்கள். கெசியாவுக்கு இந்த உத்தியோகம் ரொம்பப் பிடித்திருந்தது. இருந்தும் இல்லாத மாதிரி இருப்பதில் ஒரு சுகம் உண்டு.

அந்தச் சுகத்துக்கு எமனாக வந்தவர் எபினேசர். கருமத்தம்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். விசைத்தறி மோட்டார் எரிந்து போனால் அவரிடம்தான் வரும். நல்ல மனிதர், கோபமே வராது. ஆனால் பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், தட்டில் கை வைத்தவர் திடீரென்று, “கொழம்பு நல்லாருக்கு!” என்று கர்ஜித்ததில் கெசியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஏனுங்க, இதச் சாதாரணமாச் சொல்லக் கூடாதுங்களா?”

“சாதாரணமாத்தானே சொல்றேன், அம்மணி!” என்றார் அவர், இன்னும் சத்தமாக.

அந்த ஊரில் தறி ஓடும்போது குழந்தைகள் தூங்குகின்றன, நின்றால் விழித்துக்கொண்டு அழுகின்றன. அமைதி வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அமைதி என்றால் கரண்ட் இல்லை, அல்லது நூல் இல்லை, அல்லது கூலிப் பேச்சு முறிந்துவிட்டது. மூன்றில் எதுவும் விரும்பத்தக்கதல்ல.

பள்ளிக்கூடம் ஜபருல்லாவின் அறக்கட்டளையுடையது. பழைய கோவையில் பரம்பரையாகத் துணி வியாபாரம். இந்த ஊர்த் தறிகளில் காடாத்துணி வாங்கித்தான் அவர் குடும்பம் தலையெடுத்தது என்பதால், நன்றிக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். தலைமையாசிரியை விமலாராணி. அவருடைய அறைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்பதே இல்லை. ஆனால் மாடியில் கெசியா ஒரு முக்கோண மணியைத் தட்டினால் போதும், ஆள் அனுப்பிவிடுவார்.

“பாட்டு வகுப்பு வேண்டாம்னு சொல்லல கெசியா. சத்தமில்லாம நடத்துங்கன்னுதான் சொல்றேன்.”

கெசியா இதை ஒரு முரண்பாடாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தமில்லாமல் பாட்டு நடத்தத் தகுதியான ஆள் அந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்திதான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லித்தர வேண்டிய தேவையே இருக்கவில்லை. தட்டச் சொன்னால் முப்பது ஜோடிக் கைகளும் ஒரே ஜோடி மாதிரி விழுந்தன. தேவானந்தம் தன் பாடகர் குழுவிடம் இதற்காக வருஷக்கணக்கில் மன்றாடியிருக்கிறார். ஆனால் வேகத்தைக் குறைக்கச் சொன்னால் பிள்ளைகளின் முகம் சுருங்கிவிடும். தறி மெதுவாக ஓடினால் வோல்டேஜ் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதைப் போய் ஒரு டீச்சர் வேண்டுமென்றே செய்யச் சொல்வாளா?

சுருதிதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. மேலே பாடு என்றால் கத்தினார்கள். கீழே பாடு என்றால் முணுமுணுத்தார்கள். உயரம் வேறு, உரக்க வேறு என்று பிரித்துக் காட்ட அவள் கொசுவைத் துணைக்கு அழைத்தாள்.

“கொசு பாடறது மேலயா, கீழயா?”

“மேல மிஸ்!”

“சத்தமாவா, மெல்லவா?”

“மெல்ல மிஸ்!”

“அவினாசி ரோட்டுல போற லாரி?”

“கீழ மிஸ்! சத்தமா மிஸ்!”

“எங்கப்பா மேலயும் பாடுவாரு, சத்தமாவும் பாடுவாருங்க மிஸ்,” என்றாள் மௌனிகா. இந்தப் பெயரை வைத்தவர்கள் என்ன எதிர்பார்த்தார்களோ, வகுப்பிலேயே பெரிய தொண்டை அவளுடையதுதான். அப்பா கருப்புசாமி எட்டுத் தறி ஓட்டுகிறார்.

“எப்போ பாடுவாரு?”

“குளிக்கறப்போ. எங்கம்மா கதவத் தட்டுவாங்க.”

மேல், கீழ் விளங்கிவிட்டது. அடுத்தது பலமாக, மெல்ல. இங்கேதான் கெசியா முதல் முறையாகத் திகைத்தாள். “இப்ப மெல்லப் பாடுங்க கண்ணு,” என்றதும் வகுப்பு அடியோடு அடங்கிப் போனது. ஆனால் வாய்கள் நிற்கவில்லை. முப்பது உதடுகளும் பாட்டை ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்தன, ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல். தறிக்கூடத்தில் பேச இரண்டே வழிதான்: கத்துவது, அல்லது உதட்டை மட்டும் அசைப்பது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே படித்துக்கொள்வார். நடுவில் ஒரு வழி இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. அதைப் பழக்க இரண்டு மாதம் ஆனது. அப்படிப் பழகிய ‘மெல்ல’வும் கோவையில் அதட்டல் என்றுதான் அழைக்கப்படும்.

இப்படி ஒரு வழியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அபாகஸ் வந்தது. காந்திபுரத்தில் அலுவலகம் வைத்திருந்த ஒரு கம்பெனிக்காரர், டை கட்டிக்கொண்டு வந்து, மணிச்சட்டத்தில் பிள்ளைகள் கோடிக்கணக்கில் பெருக்குவதைச் செல்போனில் காட்டினார். ஜபருல்லாவுக்குப் பிடித்துவிட்டது. வியாபாரிக்குக் கணக்கு பிடிக்காமல் போகுமா? ஆனால் கால அட்டவணையில் இடமில்லை.

“பாட்டு வகுப்பு இருக்கே,” என்றார் அவர், விமலாராணியிடம். “அதுல என்ன நடக்குதுன்னு ஒரு பெத்தவராச்சும் சொல்லிக் கேட்டதில்ல. ஆண்டு விழாவுல பாப்போம். சரியில்லேன்னா அந்த நேரத்த இதுக்குக் குடுத்துரலாம்.”

விமலாராணி இதைக் கெசியாவிடம் சொன்னபோது அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. “ஒரு டான்ஸ் மாஸ்டரை வரச் சொல்லட்டுமா? ஸ்பீக்கர் வச்சு, கலர் டிரஸ் போட்டு, ஜாம் ஜாம்னு ஒண்ணு பண்ணிரலாம்.”

“வேண்டாங்க மேடம். பிள்ளைங்களே பாடட்டும்.”

“என்னது?”

“பிள்ளைங்களே பாடட்டும்ங்க மேடம்.”

பாட்டை அவளே கட்டினாள். தகரக் கூரையில் மழை பெய்வதைப் பற்றிய சின்னப் பாட்டு. ‘தகரக் கூரை தட்டுது, தண்ணி வந்து கொட்டுது’ என்று மெல்லத் தொடங்கி, மழை வலுத்து, உச்சியில் சட்டென்று நிற்கும். நான்கு தட்டுக்கு ஒன்றுமே இல்லை. பிறகு ஒரே ஒரு சொட்டு, முக்கோண மணியில். பிறகு மறுபடியும் மழை. தாளம், வேகம், மேல் கீழ், பலம், மெல்ல, மணியின் குரல் வேறு, மரக்கட்டையின் குரல் வேறு என்று இதுவரை சொல்லிக்கொடுத்த எல்லாமே அதில் இருந்தன. ஆனால் அவள் உயிரை வைத்திருந்தது அந்த நான்கு தட்டில்தான். ஓசை நின்ற இடமும் பாட்டுக்குள்தான் இருக்கிறது என்பதை ஆல்டோ பாடி வளர்ந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் ஒத்திகையில் மழை வலுத்தது, உச்சிக்குப் போனது, நின்றது. நின்ற அதே நொடியில் வகுப்பு முழுக்க எழுந்தது. பாதிப்பேர் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். மௌனிகா வாசல் வரைக்கும் ஓடிவிட்டாள்.

“எங்க போற கண்ணு?”

மௌனிகா நின்று யோசித்தாள். “தெரியலைங்க மிஸ்.”

மறுபடி முயன்றாள். மறுபடி எழுந்தார்கள். உட்காருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தும், நிற்கும் இடம் வந்ததும் முட்டிகள் தாமாகவே நிமிர்ந்தன. யாரும் குறும்பு செய்யவில்லை. எழுந்த பிறகு அவர்களுக்கே வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் டீ ஆற்றிக்கொண்டே கணவரிடம் சொன்னாள். எபினேசர் அவளை அதிசயமாகப் பார்த்தார்.

“தறி நின்னா உக்காந்திருப்பாங்களா? நூலு அறுந்தாத்தான் தறி தானா நிக்கும். ஓடிப் போயி முடிச்சுப்போட்டு மறுபடி ஓட்டோணுமில்ல! யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்க எந்திரிக்கோணும். நானெல்லாம் சோத்துல கை வெச்சிருக்கறப்பவே எந்திரிச்சு ஓடிருக்கேன்!”

இத்தனை வருஷம் இந்த ஊரில் குடியிருந்தும் அவள் தறியின் சத்தத்தை மட்டும்தான் கேட்டிருந்தாள். அது நிற்பதை ஊர் எப்படிக் கேட்கிறது என்பது அவளுக்குத் தெரியாமலே போயிருந்தது.

அடுத்த வகுப்பில் அவள் புதிதாக ஒன்று சொன்னாள். “கண்ணுகளா, அந்த எடத்துல நம்ம தறி நிக்கலை. பக்கத்து ஊட்டுல ஓடிட்டிருக்கு. நமக்குக் கேக்கலை, அவ்வளவுதான். ஓடுதா இல்லியான்னு கால் கட்டைவிரல வெச்சுப் பாருங்க.”

முப்பது கட்டைவிரல்கள் தரையில் தட்டத் தொடங்கின. பாட்டு நின்றது. ஒன்று, இரண்டு. மௌனிகாவின் முட்டி லேசாகத் துடித்தது. மூன்று. அவள் தன் பாவாடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான்கு. மணி விழுந்தது. யாரும் எழவில்லை. மௌனிகா பெருமூச்சு விட்டதுதான் கேட்டது, அதுவும் தாளத்தில்.

ஆண்டு விழா பள்ளி மைதானத்தில், சாயங்கால வெயில் இறங்கிய பிறகு நடந்தது. ஜபருல்லாவின் ஏற்பாட்டில் பக்கத்துக் கூடங்களை மட்டும் ஒரு மணி நேரம் நிறுத்தியிருந்தார்கள். அதனால் மைதானமே ஏதோ எசகுபிசகாக இருந்தது. பெற்றோர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெளிந்துகொண்டு, ஒருவரையொருவர் கத்தி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மைக்கில் வரவேற்புரை, ஆண்டறிக்கை. முறுக்குத் தட்டு சுற்றி வந்தது. பிறகு மூன்றாம் வகுப்பு மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்தது.

பாட்டு தொடங்கியதும் சனம் மெல்ல அடங்கியது. முப்பது பேர் ஒரே கையாகத் தட்டுவது அவர்களுக்குப் பழகிய விஷயம். தலைகள் ஆடின. அதுவரை ஏதோ போல உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்கள். மழை வலுத்தது. ஓரத்தில் நின்ற கெசியா கையை உயர்த்தி, மடக்கினாள்.

நின்றது.

மேடையில் ஒரு பிள்ளையும் அசையவில்லை. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

முன்வரிசையில் இருந்த ஜபருல்லா நாற்காலிகள் உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினார். ஊரே நின்றுகொண்டிருந்தது. கையில் முறுக்கோடு, இடுப்பில் குழந்தையோடு, செல்போனில் படம் பிடித்த மேனிக்கு. மணி விழுந்தது. மழை மறுபடி பெய்தது. நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் உட்காரவில்லை. பாட்டு முடியும்வரை நின்றார்கள். ஜபருல்லாவும் மெதுவாக எழுந்து நின்றார்.

விழா முடிந்ததும் ஜபருல்லா தலைமையாசிரியை அறைக்குக் கெசியாவைக் கூப்பிட்டு அனுப்பினார். தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன.

“டீச்சரம்மா, இத்தனை வருசத்துல இந்த ஜனங்க எந்திரிச்சு நின்னு நான் பாத்ததில்ல. மந்திரி வந்தப்பகூட முறுக்கு தின்னுட்டு உக்காந்துதான் இருந்தாங்க. ஒரு பாட்டுக்கு இப்பிடி மரியாதையா! பாட்டு வகுப்பு இருக்கட்டும். அபாகஸுக்கு வேற எடம் பாத்துக்கலாம்.”

விமலாராணி பூரித்துப் போனார். கெசியா ஒன்றும் சொல்லாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்திருக்கலாம். வாயைத் திறக்காமல் இருப்பதில் அவளுக்கு இருந்த பயிற்சி ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. அன்றைக்குப் பார்த்து அது கைகொடுக்கவில்லை. பிள்ளைகள் உட்கார்ந்தே இருந்தார்கள். ஊர் முழுக்க எழுந்தபோதும் உட்கார்ந்திருந்தார்கள். அதை இந்த மனிதர் பார்க்கவே இல்லை. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு தப்பான பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், அவங்க மரியாதைக்கு எந்திரிக்கலீங்க.”

“என்னம்மா?”

“மரியாதைக்கு எந்திரிக்கலீங்க சார்.”

ஜபருல்லா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். சுவருக்கு அப்பால் தறி அடித்துக்கொண்டிருந்தது. கெசியா ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள்.

“நூல் அறுந்துபோச்சுன்னு எந்திரிச்சாங்க சார்!”

அவள் அந்த ஊரில் முதன்முதலாகக் கத்தியது அதுதான். வெளியே நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். விமலாராணி நெற்றியில் கை வைத்தார். கெசியா மிச்சத்தையும் அதே உரத்தில் சொல்லி முடித்தாள்: தறி, முட்டி, கட்டைவிரல், பக்கத்து ஊடு.

ஜபருல்லா வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு, மௌனிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற கருப்புசாமியைக் கூப்பிட்டார்.

“கருப்புசாமி, உங்களத்தான். பாட்டு நடுவுல எதுக்கு எந்திரிச்சீங்க?”

கருப்புசாமி கெசியாவின் முகத்தைப் பார்த்தார். அது வெளுத்திருந்தது. இந்த டீச்சரே கத்துகிற அளவுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

“மரியாதைக்குத்தானுங்க பாய்.”

“நூல் அறுந்துபோச்சுன்னு இல்லியா?”

“ச்சேச்சே. பள்ளிக்கோடத்துல ஏதுங்க நூலு?”

“டீச்சரம்மா அப்பிடித்தான் சொல்றாங்க.”

“டீச்சருக்குத் தன்னடக்கமுங்க.”

ஜபருல்லா இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம் அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரித்து முடிக்க அவருக்குக் கைக்குட்டை தேவைப்பட்டது.

“தாத்தா காலத்துல இருந்து இந்த ஊர்ல சரக்கு எடுக்கறோம். தன் துணியில பிசிறு இருக்குதுன்னு தானா வந்து சொன்ன ஆள நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்.” பிறகு கெசியாவிடம், “அப்ப பிள்ளைங்க மட்டும் எந்திரிக்கல, அதானே?”

“ஆமாங்க சார்.”

“ஒருத்தர்கூடவா?”

“ஒருத்தர்கூட இல்லைங்க.”

“சரி. அடுத்த வருசம் நான் மேடையப் பாக்கறேன்,” என்றார் அவர்.

பாட்டு வகுப்பு இருந்தது. அபாகஸும் வந்தது, விளையாட்டு நேரத்தைத் தின்றுவிட்டுச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. அதைக் கேட்டு ஊரில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. எந்த நஷ்டத்துக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதில் எல்லா ஊருக்கும் அதனதன் பழக்கம் உண்டு.

திங்கட்கிழமை காலை மகளை விட வந்த கருப்புசாமியைக் கெசியா வாசலில் மடக்கினாள்.

“ஏனுங்க, அன்னைக்கு எதுக்குப் பொய் சொன்னீங்க?”

கருப்புசாமி தலையைச் சொறிந்தார். “பாதிதானுங்க டீச்சர் பொய்யி. எந்திரிச்சது நூலுக்குத்தான். பொறவு பாத்தா புள்ளைக கம்முனு உக்காந்திருக்குதுக. அட, இது பாட்டுங்களான்னு அப்பத்தான் ஒறைச்சுது. திரும்ப உக்காரலாமுன்னு பாத்தனுங்க. ஆனா உக்காந்தா அந்தப் பிளாஸ்டிக் சேரு கிரீச்சுங்குமில்ல? பாட்டுக் கெட்டுப்போயிரும். அதனாலதானுங்க அப்படியே நின்னுட்டோம்.”

“நீங்க நிக்கலப்பா,” என்றாள் மௌனிகா. “கேட்டு வரைக்கும் ஓடுனீங்க. நான் மேடையில இருந்து பாத்தேன்.”

“ஓடுனேன் சாமி, இல்லீங்கல. அப்பறம் வந்து கடைசி வரைக்கும் நின்னனா இல்லியா? அதச் சொல்லு.”

மௌனிகா யோசித்தாள். “நின்னீங்க,” என்றாள்.

பெரியவர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு உபசாரம் என்று அந்த ஊரில் கண்டுபிடிக்கக் கெசியாவால் ஒருபோதும் முடிந்ததில்லை. மௌனிகாவுக்கு இன்னும் அந்த மரியாதையெல்லாம் பழகவில்லை. ஆகவே அவள் சொன்னதைக் கெசியா நம்பினாள்.